டம்ளருக்கு ஒரு குழி

துப்பாக்கிப் பெட்டிக்குள் வைக்க ஃபோம் வெட்ட உட்கார்ந்தார் மாசிலாமணி. துப்பாக்கியை ஃபோமின் மேல் கிடத்தி, அதைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டார்.

ஃபோமின் ஓரத்தில் அவருடைய குட்டை டீ டம்ளர் நின்றிருந்தது.

"துப்பாக்கி சுடும் போட்டிக்கு நான் மட்டும்தான் போறேன். நீ அடுக்களையிலேயே கிட" என்றது துப்பாக்கி. டம்ளருக்கு முகம் வாடிவிட்டது.

ஏதோ யோசனையில் மாசிலாமணி டம்ளரைச் சுற்றியும் கோடு போட்டார். கத்தியும் கோடு போன வழியே போனது.

வட்டக் குழியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சிரித்தபடி டம்ளரை அதில் இறக்கினார்.

"அது தப்பா வெட்டின குழி" என்று முறைத்தது துப்பாக்கி.

"இருக்கட்டுமே, உட்கார சுகமா இருக்கு" என்றது டம்ளர்.

போட்டி மைதானத்தில் பெட்டி திறந்தது. மாசிலாமணியின் கை முதலில் டம்ளரிடம்தான் போனது.