ஜாடியில் வந்த சாட்சி

"யோவ் பைமின், ஆணை உள்ளே விட்டது யாருய்யா?"

தலைவர் ஹர்ஜிட்டோ போட்ட சத்தத்தில் மிருகக்காட்சி சாலைக் குரங்குகளே வாயை மூடிக்கொண்டன.

பெண் கொமோடோ உடும்பு நிங்சி பன்னிரண்டு முட்டை இட்டிருந்தது. ஆண் உடும்பு இருப்பது பக்கத்துக் கூண்டில். நடுவில் பூட்டிய இரும்புக் கதவு. அனுமதியில்லாமல் ஜோடி சேர்த்தால் ஜகார்த்தாவிலிருந்து ஓலை வரும். சேர்த்தவன் வேலை போகும்.

"யாரும் விடலைங்கய்யா. அது தனியாவே போட்டிருக்கு," என்றார் உடும்புகளைப் பராமரிக்கும் பைமின்.

"தனியாவா? யார் காதுல பூ சுத்துற?"

மறுநாள் பைமின் அப்பளம் போட்டுவைக்கும் கண்ணாடி ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து தலைவரின் மேசைமேல் வைத்தார். தண்ணீருக்குள் விரல் நீளத்தில், பளிங்குக் கோடு போட்ட ஒரு நன்னீர்ச் சிங்கி இறால். சுற்றிலும் எள்ளைத் தூவியதுபோல் குஞ்சுகள்.

"சந்தையில ஒத்தையா வாங்கினதுங்கய்யா. புருஷன்னு ஒருத்தனைக் கண்ணால பார்த்ததில்லை. பாருங்க, எத்தனை பெத்திருக்குன்னு!"

"இத்தனூண்டு இறாலும், ஆட்டை முழுங்குற உடும்பும் ஒண்ணாய்யா?"

"இந்த விஷயத்துல ஒண்ணுதான் சார்," என்றார் கால்நடை மருத்துவர் ரெட்னோ. "இந்தப் பளிங்குச் சிங்கி, கொமோடோ உடும்பு ரெண்டுமே ஆண் துணையில்லாம பெத்துக்கும்."

ஹர்ஜிட்டோ அப்படியே குளிர்ந்துபோனார். மறுவாரமே வாசலில் பேனர்: 'ஆண் வாடை படாத அதிசயத் தாய்!' கூட்டம் அலைமோதியது. பேனரில் நிங்சியைவிட ஹர்ஜிட்டோவின் படம்தான் பெரிது.

எட்டு மாதத்தில் மூன்று குஞ்சுகள் வெளிவந்தன. ரத்தப் பரிசோதனைத் தாளோடு ரெட்னோ பைமினைத் தனியே பிடித்தார்.

"சிங்கி தனியா பெத்தா அத்தனையும் பொண்ணு. உடும்பு தனியா பெத்தா அத்தனையும் ஆண். இதுல ரெண்டு பொண்ணு இருக்கு பைமின். அப்பன் ஒருத்தன் வந்து போயிருக்கான்."

பைமின் தலையைச் சொறிந்தார்.

"ஆணுன்னே எழுதிடுங்க டாக்டரம்மா. விஷயம் வெளிய வந்தா வேலை போயிடும். மூணு பொண்ணுங்க இன்னும் படிச்சிட்டிருக்கு."

"உங்களுக்கு மூணு பொண்ணா? சொன்னதே இல்லையே?"

"எனக்கில்லைங்க, ஐயாவுக்கு. மந்திரி மருமகன் ரெண்டு உடும்பையும் சேர்த்துப் படம் பிடிக்கணும்னாரு. கதவைத் திறந்துவிட்டதே நம்ம ஐயாதான்."