பத்து நாள் கோபம்

"இன்னா ஆண்டாளு, இன்னிக்கும் குழம்புல உப்பில்ல. பத்து நாளா இன்னா கோவம்?"

"பஸ்ல கல்லடி பட்டுக்கினு வந்து எம்மேல எரிஞ்சு விழுறீங்க இல்ல, அந்தக் கோவந்தான். தின்னுங்க."

டிரைவர் ஆதிமூலம் சிரித்தார். இடஒதுக்கீட்டு மறியல் நேரம். கள்ளக்குறிச்சிச் சாலையெல்லாம் கல்லும் மரமும். மனைவியும் அதே குழம்பை ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் கரும்புக் கொல்லையில் பாம்பு கடித்து ஆண்டாள் இறந்துபோனாள்.

காரியம் முடிந்து, தலைசுற்றலோடு ஆஸ்பத்திரிக்கு வந்த ஆதிமூலத்திடம் டாக்டர் கேட்டார்.

"உப்பைக் கொறச்சீங்களா? கல்லடிக்குக் கட்டுப் போட வந்தப்பவே, உங்களுக்கு பிரஷர் ஜாஸ்தின்னு அவங்ககிட்ட தனியா சொல்லியிருந்தேன். 'வண்டி ஓட்டுறவரு, இதையும் நெனச்சுப் பயப்படுவாரு. சொல்லாதீங்க, நான் பாத்துக்கறேன்'னாங்க."

மறியல் ஓய்ந்தது. இடஒதுக்கீடும் கிடைத்தது. ஆதிமூலம் ஓய்வும் பெற்றுவிட்டார்.

"எம் பொண்டாட்டி கோவந்தான் என்னை இன்னும் காப்பாத்திக்கினு இருக்கு" என்பார்.

இப்போது சமையல் அவருடையது. குழம்பில் உப்பில்லை.