நாலு விரல் உயரம்

"ஏம்மா, போன வாரம்தானே சீட்டை ஏத்திக் குடுத்தேன்? மறுபடி யாரு இறக்கினது?"

சைக்கிள் கடைக்காரர் கேட்டபோது அவள் கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து இடது முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் காலை ஐந்து மணிக்குத் தொடங்கிய வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. பேசக்கூடத் தெம்பில்லை.

"எனக்கென்னண்ணே தெரியும்? விடியக்காலம் அரைத் தூக்கத்துல ஏறி மிதிக்கறேன். சீட்டையா பார்ப்பேன்?"

"நாலு விரல் இறங்கியிருக்கு. முழங்காலை மடக்கியே ஆறு கிலோமீட்டர் மிதிச்சா சில்லு வலிக்காம என்ன செய்யும்? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

சொன்னார்தான். குதிகாலைப் பெடலில் வைக்கச் சொல்லி, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள்கிறதா என்று பார்த்துத்தான் உயரம் வைத்தார். சிவப்புப் பெயிண்டில் கோடும் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தனக்கு முழங்கால் இருப்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. மறுநாளே வலி திரும்பிவிட்டது. பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள்.

"நிக்க முடியலைன்னா வீட்லயே இருந்துக்கோன்னு சூப்பர்வைசர் நேத்து சொல்லிட்டார்ணே. இந்தக் கால் ஓடற வரைக்கும்தான் எங்க அடுப்பு எரியும்."

"வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தார். ஏணியிலேருந்து விழுந்து எட்டு மாசமா கட்டில்தான். காலை ஊனவே முடியலைங்கறார். படம் எடுத்துப் பார்த்தா எலும்பெல்லாம் சேர்ந்துடுச்சாம். டாக்டரே கையை விரிச்சுட்டார். உடம்பு துடைச்சு விடறதுலேருந்து எல்லாம் நான்தான்."

கடைக்காரர் உச்சுக்கொட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது தானா இறங்கலம்மா. தானா இறங்கியிருந்தா பெயிண்ட்ல கீறல் விழுந்திருக்கும். நட்டு முனைகூட மழுங்கல. அளவான ஸ்பேனர் போட்டுத் தளர்த்தியிருக்காங்க."

"மாடிப்படிக்குக் கீழே நிக்குது. அக்கம்பக்கத்துப் பசங்க வேலையா இருக்கும்."

சிவப்புக் கோட்டுக்குச் சீட்டை ஏற்றி நட்டை இறுக்கினார். போகிற போக்கில் கூடையையும் தட்டிச் சுத்தம் செய்தார். மூலையிலிருந்து ஒரு சினிமா டிக்கெட் விழுந்தது.

"பகல் காட்சிக்கெல்லாம் போறீங்க போல."

"நானா?" அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. "வீட்டுக்குப் போய் அவருக்குச் சோறு ஊட்டிட்டுப் படுத்தா, அஞ்சு மணி வரைக்கும் இடி விழுந்தாலும் எனக்குத் தெரியாது. எவனாவது குப்பைன்னு போட்டிருப்பான்."

இருந்தாலும் வாங்கிப் பார்த்தாள். நேற்றைய தேதி. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏறி மிதித்தாள். கால் நன்றாக நீண்டது. வலி இல்லாததால் வழியெல்லாம் யோசிக்க முடிந்தது.

வீட்டுக் கதவைத் திறந்ததுமே கட்டிலிலிருந்து முனகல் வந்தது.

"ஏன் இவ்ளோ நேரம்? ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாம தொண்டை காஞ்சு கிடக்கேன்."

அவள் சைக்கிள் சாவியை அவருடைய தலைமாட்டு ஆணியில் மாட்டினாள். கட்டிலுக்கடியில் அவருடைய பழைய ஸ்பேனர் பெட்டி இருந்தது. சுவரில் கல்யாணப் படம். அதில் அவர் பலகை மேல் நிற்பது படத்தில் தெரியாது, அவளுக்குத் தெரியும். பலகை இல்லாவிட்டால் அவர் அவள் தோளுக்குத்தான் வருவார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். அழுகையாக வந்தது, அழவும் அலுப்பாக இருந்தது. டிக்கெட்டை எடுத்து அவர் தலையணைமேல் வைத்தாள்.

"சீட்டை என் அளவுக்கு ஏத்தியாச்சுங்க," என்றாள் மெதுவாக. "இனிமே சினிமாவுக்கு நடந்தே போய்ட்டு வாங்க. சைக்கிள்ல உங்களுக்குக் கால் எட்டாது."