வள்ளத்துக்கு ஏற்ற பற்றரி

காத்தான்குடி பிரதான வீதியில் பதியுதீனிடம் பற்றரி வாங்குவதும் பெண் கேட்டுப் போவதும் ஒன்றுதான். காசை நீட்டினால் மட்டும் போதாது. யார், எவர், எதற்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று குடைந்து முடித்த பிறகுதான் மனுசன் தட்டிலிருந்து ஒன்றைக் கீழே இறக்குவார்.

அன்று காலையில் கையில் ஒரு பையோடு வந்து நின்றவன் கல்லடியில் சுற்றுலா வள்ளம் ஓட்டும் ஜெயரூபன்.

“காக்கா, வள்ளத்துக்கு ஒரு பற்றரி வேணும்.”

“இஞ்சின் ஸ்டார்ட் பண்ணவா, லைட்டுக்கா?”

“ரெண்டுக்கும் இல்ல.” ஜெயரூபன் குரலைத் தாழ்த்தினான். “பலகைக்குக் கீழ ஒளிச்சு வைக்கணும். அதில இருந்து ஒரு வயர் தண்ணிக்குள்ள போகும்.”

பதியுதீன் தட்டுப் பக்கம் நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

இழுக்காமல் பின்னே? மட்டக்களப்பு வாவியில் சில புண்ணியவான்கள் பற்றரி வயரைத் தண்ணீருக்குள் விட்டு, மின்சாரம் பாய்ச்சி, குஞ்சு குருமான் பார்க்காமல் மீனை மிதக்க வைத்து அள்ளுகிறார்கள். பிடிபட்டால் மறியல்தான், கம்பி எண்ண வேண்டும். வாவி வளக் காப்புச் சபைத் தலைவர் வினாயகமூர்த்தி போன வாரம்தான் கடை கடையாக ஏறி இறங்கியிருந்தார். “தண்ணிக்குள்ள வயர் விடுறவனுக்குப் பற்றரி வித்தா, அவனோட சேர்ந்து நீங்களும் கோட்டுக்குப் போவீங்க. கடைக்குச் சீல் வைப்பாங்க!” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கத்தார் வெயிலில் வெந்து கட்டிய கடை இது. இது போனால் பதியுதீனுக்கு வேறு நாதி இல்லை.

விரட்டிவிடலாம் என்றால், பயல் அடுத்த கடையில் வாங்கிக்கொண்டு போய் மீனை எல்லாம் கொன்று தீர்ப்பான். பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பதுதான் புத்தி.

“கார் பற்றரி சரிவருமா காக்கா?”

பிடித்துக் கொடுக்க வேண்டிய ஆள் என்று தெரிந்தும் பதியுதீனின் வாய் சும்மா இருக்கவில்லை. “அட போ மனே! கார் பற்றரி ஒரே உதையில முழுப் பலத்தையும் குடுத்திட்டுப் படுத்திரும். மெல்ல மெல்ல நெடுகக் குடுக்கிறதுக்கு வேற சாதி இரிக்கு. உள்ளுக்குத் தகடு நல்ல தடிப்பு. அசிட் சிந்தாம அடைச்சது. வள்ளம் எப்பிடி ஆடினாலும் ஒண்டும் ஆகாது. எவ்வளவு நேரம் ஓடணும்?”

“பௌர்ணமி இரவு முழுக்க.”

“ஆர் ஆர் வள்ளத்தில ஏறுவாங்க?”

“அதை விடுங்க காக்கா. ஏறுற ஆக்களுக்கே இது தெரியக்கூடாது. தெரிஞ்சா என்ட தொழில் அதோட முடிஞ்சுது.”

யா அல்லாஹ்! கூட்டாளிக்கே தெரியாத களவா?

“அப்ப, மீன்...?”

“மீனை நம்பிப் பிழைக்கிற காலம் போயிட்டு காக்கா,” என்றான் ஜெயரூபன் எரிச்சலோடு.

“இரி மனே, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் பேசுவம்,” என்று அவனை ஸ்டூலில் அமுக்கிவிட்டுப் பதியுதீன் பின்கட்டுக்குப் போய்த் தலைவருக்குப் போன் அடித்தார்.

தேநீர் ஆறுவதற்கு முன்பே தலைவர் மோட்டார் சைக்கிளில் வந்து குதித்தார். மாலை, மேடை, கமெரா மூன்றும் இல்லாத ஓர் இடத்துக்கு அவர் இவ்வளவு வேகமாக வந்ததை ஊரில் ஒருவரும் கண்டதில்லை.

“கள்ளப்பயலே, பையைத் திற!”

ஜெயரூபன் திறந்தான். உள்ளே வயரோடு, றப்பரில் பொதிந்த உருண்டை ஒன்று மட்டும் கிடந்தது.

“என்னடா இது?”

“ஸ்பீக்கர் சேர். தண்ணிக்குள்ள போடுறது.”

“ஸ்பீக்கரா?”

அவன் அழுதேவிட்டான். “மட்டக்களப்பில மீன் பாடும் எண்டு உலகம் முழுக்க இருந்து வாறாங்க சேர். பௌர்ணமிக்குக் கூட்டிட்டுப் போய், துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியைக் காதில வையுங்க எண்டு சொல்றன். ஒரு மீனாவது வாயைத் திறக்குதா? போன மாசம் வந்த வெள்ளைக்காரி, மீனும் பொய் வள்ளக்காரனும் பொய் எண்டு போனில எழுதிப் போட்டுட்டா. இப்ப என்ட வள்ளத்தில ஒரு குஞ்சும் ஏறுதில்ல. அதுதான் ஒரு சத்தத்தைச் செய்து இதுக்குள்ள பதிஞ்சு வச்சிரிக்கன். சத்தியமா நான் மீனைத் தொடவே இல்ல சேர்!”

பதியுதீனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. தலைவரின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

அந்த முகம் கறுத்துப் போயிருந்தது. ஊரின் பெருமையையே ஏமாற்று வித்தை ஆக்கத் துணிந்தவன்! பொலிஸில் கொடுக்காமல் விடுவாரா? பாவம் பயல், என்று பதியுதீனுக்கே இரக்கமாகிவிட்டது.

“எவ்விடத்தில போடப் பார்த்தாய்?” என்றார் தலைவர்.

“கல்லடிப் பாலத்தடியில சேர்.”

“பாலத்தடியில வேணாம். நல்லாத் தள்ளிப் போய்ப் போடு. ரெண்டு ஒரே இடத்தில பாடினா ஆக்களுக்குச் சந்தேகம் வந்திரும்.”

ஜெயரூபன் அழுகையை நிறுத்தினான். தலைவர் குனிந்து, கடைக்காரரின் காதருகே மெல்லச் சொன்னார்:

“காக்கா, அந்த நெடுக ஓடுற சாதியில சபைக்கும் ஒண்டு தாங்க, நாங்க போட்டிரிக்கிற மீன் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாதிப் பாட்டில நிண்டு போகுது.”