கடைசி மேட்ச் உனக்கு

ஏழு மணிச் செய்தியில் சொல்லிவிட்டார்கள். இனி அவன் இந்தியாவுக்கு ஆடமாட்டான்.

அடுப்படியில் ஊறிய அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்த பிரிஜெட்டின் கை அப்படியே நின்றது.

முன்னறையில் அவள் புருஷன் சாமுவேல் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணப்பா துக்கம் கேட்க வந்தவர்போல ஓசையில்லாமல் உள்ளே வந்து, ஜன்னலோரம் தன் வழக்கமான இடத்தில் தரையில் உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நம்மாளு. பன்னிரண்டு வருஷமாக நம்மாளு.

அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பிரிஜெட்டை அவன் ஆடி ஒரு பந்துகூடப் பார்க்க விட்டதில்லை.

கோலார் தங்கவயலில் தொடங்கிய வம்பு இது. மைன்ஸ் லைன் வீடு, ஒரே டிவி, இருபது பேர். அவள் டீத் தட்டோடு உள்ளே நுழைந்து நிமிர்வதற்குள், தொண்ணூற்றாறு ரன்னில் இருந்தவன் அவுட். அடுத்த மேட்ச்சில் வாசற்படியில் காலை வைத்தாள், ரன் அவுட். மூன்றாம் முறை சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

அன்று முதல் நம்மாளு மட்டையோடு இறங்கினால் பிரிஜெட் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். சுரங்கத்தை மூடி, பெட்டி படுக்கையோடு பொம்மசந்திராவுக்கு வந்து, சாமுவேல் ஒரு ஃபாக்டரியில் வாட்ச்மேன் ஆன பிறகும் அந்தச் சட்டம் மட்டும் மாறவில்லை. இந்த வீட்டு அடுப்படிக்குக் கதவு கிடையாது. அதற்கென்றே ஒரு பழைய சேலையைக் கிழித்துத் திரை போட்டார்கள்.

கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவளுக்கு இருந்ததில்லை. அவனை அவளுக்கு அவ்வளவு பிடிக்கும். முன்னறைக் கூச்சலை வைத்தே நாலா ஆறா என்று சொல்லிவிடுவாள். அவன் நூறு அடித்த நாட்களில் திரைக்கு இந்தப் பக்கம் தனியாக நின்று சிலுவைக் குறி போட்டுக்கொள்வாள்.

சாமுவேலுக்கும் மனசு உறுத்தத்தான் செய்தது. ஒரு ஈஸ்டர் அன்று, வயிறு நிறைந்த சந்தோஷத்தில் வாக்குக் கொடுத்தார். கடைசி மேட்ச் உனக்கு. இதுதான் கடைசி என்று அவன் வாயால் சொல்லட்டும். அன்றைக்கு அவுட்டானாலும் போகிறது, என் நாற்காலியில் உட்கார்ந்து நீ பார்.

அவன் சொல்லவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடினான். அதில் அடித்தால் இருப்பான், இல்லையென்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று பேப்பரில் எழுதியிருந்தார்கள். நாற்பத்தொன்று வரை பழைய நம்மாளாகவே அடித்தான். பிறகு ஒரு பந்து, ஸ்டம்ப் பறந்தது. அடுத்த தொடருக்கு அவனை எடுக்கவில்லை. இன்று, இனி ஆடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான்.

அந்த ஒரு பந்துக்கான குற்றவாளியை சாமுவேல் அன்றே கண்டுபிடித்துவிட்டார். நம்மாளு ஆடும்போது அசையக் கூடாதாம், கிருஷ்ணப்பா கால் மாற்றிப் போட்டாராம். மூன்று வாரமாக அந்த மனுஷனின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே பேசினார். கிருஷ்ணப்பாவும் மறுக்கவில்லை. ஒருவேளை போட்டிருப்போமோ என்று அவருக்கே பயம்.

"பிரிஜெட்டு, இங்க வா. வந்து என் சேர்ல உக்காரு," என்றார் சாமுவேல். "இனிமே நீ பாத்தாலும் அவன் அவுட்டாவ மாட்டான்."

அவள் பருப்புத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு தபாகூட உன்னப் பாக்க வுடல. தப்பு பண்ணிட்டேன்மா."



டிவியில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் போட்டார்கள். கவர் பக்கம் ஒரு நாலு. முட்டி போட்டு இன்னொரு நாலு. பிரிஜெட் வாய் திறந்தபடி பார்த்தாள். இவ்வளவு அழகாகவா ஆடினான்.

பிறகு அவன் இரண்டடி முன்னால் நடந்து வந்து, பிட்ச்சை மட்டையால் தட்டிவிட்டுத் திரும்பிப் போனான்.

பிரிஜெட் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

பந்து போடுகிறவன் அதற்குப் பிறகுதான் ஓடிவரத் தொடங்கினான். ஸ்டம்ப் பறந்ததும் அதற்குப் பிறகுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திரையை அவள் இரண்டு விரல் அளவுக்குத்தான் விலக்கினாள். இதுதான் கடைசியோ என்று மனசு அடித்துக்கொண்டது. நாற்பத்தொன்று, நன்றாகத்தானே ஆடுகிறான், ஒரே ஒரு பந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். அவன் மட்டையால் தட்டிவிட்டுத் திரும்பியதைப் பார்த்தாள். அடுத்து நடந்ததையும் பார்த்தாள். கிருஷ்ணப்பா திட்டு வாங்கியபோதெல்லாம் திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்று வாரமாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது சாமுவேல் டிவியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அடுப்படித் திரையைப் பார்த்தார்.



"வயசாயிடுச்சில்ல அவனுக்கு," என்றார் கடைசியில், கிருஷ்ணப்பாவிடம். "கண்ணு பந்தப் புடிக்கல. அவ்ளோதான். யாரு இன்னா பண்ணியிருந்தாலும் அது அவுட்டுதான்."

கிருஷ்ணப்பாவால் தன் காதையே நம்ப முடியவில்லை. இவ்வளவு நேரம் மரத்துப்போயிருந்த காலை மெல்ல நீட்டினார். "ஹோக்லி பிடு சாமுவேலண்ணா, போனது போச்சு," என்றார்.

பிரிஜெட் மடியிலிருந்த தட்டின்மேல் குனிந்து, தோள் குலுங்க அழுதாள்.

ஒரு பந்துகூடப் பார்க்காமலே அவன்மேல் இத்தனை பாசமா என்று கிருஷ்ணப்பா ஆச்சரியப்பட்டார்.