உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்

மகனுக்குப் பதினெட்டு முடிந்த அன்று காலை, அம்மா அவனுடைய தட்டை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள்.

அவன் அலமாரியில் தேடினான். பாத்திரம் கழுவும் தொட்டியில் தேடினான். ஃப்ரிட்ஜுக்கு மேலே எட்டிப் பார்த்தான். அடுப்பில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு முட்டை.

"அது எனக்கு" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமல். "இனிமே உன் சாப்பாடு உன் காசுல. படுக்கிற இடத்துக்கும் ஏதாவது குடுத்துடு."

பிறந்தநாள் விளையாட்டு என்று நினைத்து அவன் சிரித்தான். போன வருஷம் பரிசை அவன் ஷூவுக்குள் ஒளித்துவைத்து வீடு முழுக்க அலையவிட்டவள்தானே. வாயெல்லாம் பல்லாக எதிரில் போய் உட்கார்ந்தான்.

அம்மா முட்டையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, அவன் முகத்துக்கு நேரே சாப்பிட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் அவன் சிரிப்பை நிறுத்தினான்.

அம்மாவின் தொழில் அவனுக்குத் தெரியாததல்ல. ஊரார் வாயால் அசிங்கமாகத் தெரியவேண்டாம் என்று, அவன் சின்னவனாக இருக்கும்போதே பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். ஆண்கள் வருவார்கள், பணம் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். அந்தப் பணத்தில்தான் பள்ளிக்கூடம், பல் டாக்டர், கால்பந்து ஷூ எல்லாம்.

அவனும் அழுதான், கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தான், பிறகு பழகிப்போனான். யாராவது வந்தால் கீழே சலவைக்கடையில் போய் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான்.

இப்போது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்து முதல் சம்பளமும் வாங்கியாயிற்று. அதைத் தொடாதே, மேலே படிக்க வைத்துக்கொள் என்று போன வாரம் சொன்னதும் இதே அம்மாதான்.

ஒரே வாரத்தில் என்ன ஆனது?

யோசித்துப் பார்த்தான். ஆறடி உயரத்தில், மீசையும் கீசையுமாக ஒரு மகன் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தால், கதவைத் தட்ட எவனுக்குத் தைரியம் வரும்?

"நான் இருந்தா ஆள் வரமாட்டேங்குறாங்கன்னு நேராவே சொல்லிடலாமேம்மா. போயிடறேன்."

அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. இருமினாள், தண்ணீர் குடித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் கண் காயவில்லை.

பிறகு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நேற்று அம்மாவைப் போன்றவர்களின் சங்கக் கூட்டத்துக்கு வக்கீலம்மா ஒருத்தி வந்திருந்தாள். தன் வீட்டில் ஒருத்தி தனியாக இந்தத் தொழில் செய்தால் குற்றமில்லையாம். ஆனால் அவள் சம்பாத்தியத்தில் பதினெட்டு வயது தாண்டிய யார் வாழ்ந்தாலும் குற்றமாம். பெற்ற பிள்ளையானாலும் சரி. கூட இருந்தாலே அப்படித்தான் என்று எடுத்துக்கொள்வார்களாம். இல்லை என்று அவன்தான் நிரூபிக்கவேண்டுமாம். அவன் காசு கொடுத்துத் தங்கியிருந்தால் தப்பிக்கலாமா என்று அம்மா எழுந்து நின்று கேட்டிருக்கிறாள். முயற்சி பண்ணிப் பார்க்கலாம் என்றாளாம் வக்கீலம்மா.

இதே தொழில் செய்யும் மூன்றாவது மாடி அக்காவின் மகன் நெட்டையன் வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னதெல்லாம் சும்மா. சோதனைக்கு வந்த போலீஸ்காரர்கள் சாப்பாட்டு மேசையிலிருந்து அவனை எழுப்பி, கையைக்கூடக் கழுவவிடாமல் கூட்டிப்போயிருக்கிறார்கள். இன்னும் உள்ளேதான் இருக்கிறான்.

"பால் குடுத்ததுக்கு மட்டும் கேஸ் இல்லையாம்" என்றாள் அம்மா. "அப்ப உனக்கு வயசு பத்தலை."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்காமல் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

கீழே இறங்கிப் போனான். தன் சம்பளத்தில் ரொட்டி, வெண்ணெய், முட்டை, ஒரு பாக்கெட் பால் எல்லாம் வாங்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தான். அடுப்பைத் தானே பற்றவைத்தான். ரொட்டி ஒரு பக்கம் கருகிப்போனது. கருகாத பக்கம் மேலே தெரிகிறாற்போல வைத்து அம்மாவிடம் நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. "இரு, இரு. இதை நான் சாப்பிடலாமா? இதுக்கும் ஒரு சட்டம் இருக்கப்போகுது."

"இருக்கு. வயசான அம்மாவுக்குச் சோறு போடலைன்னாத்தான் கேஸ்."

"யாருடா வயசானவ?" என்று கரண்டியை ஓங்கினாள். ஆனாலும் ரொட்டியை வாங்கிக்கொண்டாள். வெண்ணெய் போதவில்லை என்று குறையும் சொன்னாள்.

கதவு தட்டப்பட்டது.

இருவரும் மென்றதை விழுங்காமல் அப்படியே இருந்தார்கள். அம்மா ஒரு கையால் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வலித்தது.

வந்தவர் வீட்டுக்காரர். வாடகை வாங்க வந்திருந்தார்.

அந்தக் கட்டடத்தில் மற்றவர்கள் தருவதைப்போல இரண்டு மடங்கு இந்த வீட்டுக்கு. 'உன் தொழிலுக்கு வேற எவன் வீடு குடுப்பான்?' என்று முதல் நாளே கேட்டுவிட்டு, அன்றிலிருந்து மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டு போகிறவர்.

அம்மா கொடுத்த உறையைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். யாரும் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார்.

"தம்பிக்குப் பதினெட்டு ஆயிடுச்சாமே, சலவைக்கடையில சொன்னாங்க." எட்டி அவன் தோளில் தட்டினார். "இத்தனை நாள் போனது போகட்டும். இனிமேலும் அம்மா சம்பாத்தியத்துல உட்கார்ந்து சாப்பிடறது நல்லா இருக்காது தம்பி. பாத்துக்க."

அம்மா மகனைப் பார்த்தாள். மகன் அம்மாவைப் பார்த்தான்.

முதலில் வெடித்தது அம்மாதான். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டான்.

என்ன வேடிக்கை என்று புரியாவிட்டாலும், வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.