இடது பக்கத்து இழுப்பு

"உடம்புக்குள்ள கம்பி, தகடு, இரும்புச் சாமான் ஏதாவது இருக்காம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஸ்கேன் அறை நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். தையற்காரி யோசிக்கவே இல்லை.

"ஒண்ணும் இல்லைங்க. இடது பக்கம் சிலிக்கான் பை மட்டும்தான். கேன்சர்னு மார்பை எடுத்துட்டு வெச்சாங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. இதோ, அவங்க குடுத்த கார்டு."

கார்டில் ஒட்டியிருந்த பை நம்பரை நர்ஸ் எழுதிக்கொண்டாள். "வெச்ச ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி நம்பரைச் சரிபார்த்துட்டுதான் உள்ள விடுவோம். வலி எப்படி இருக்கு?"

இதைச் சொல்லிச் சொல்லித் தையற்காரிக்கு வாய் வலித்துவிட்டது. கேட்டுக் கேட்டு வீட்டில் எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. இருந்தாலும் சொன்னாள்.

"எப்பவும் கல்லு மாதிரி இறுகிக் கெடக்கு. நடுநடுவுல யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு. உள்ள இருந்து இல்லைங்க, வெளியில இருந்து."

"புதுசா ஒரு பொருள் உள்ள வந்தா, உடம்பு அதைச் சுத்தி ஒரு தோல் கட்டும். சிலருக்கு அந்தத் தோல் சுருங்கிப் பையை நெருக்கும், அதுல வலி வரும். பை கிழிஞ்சு கசிஞ்சாலும் வரலாம். நோய் திரும்பியிருக்கான்னும் பாக்கணும். படம் எடுத்தா எல்லாம் தெரிஞ்சுடும்." சொல்லிவிட்டு நர்ஸ் போனைத் தேடிப் போனாள்.

நோய் திரும்பியிருக்கும் என்றால் யாரும் பயப்படுவார்கள். தையற்காரிக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. துணைக்கு வந்திருந்த அண்ணியிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"அவதான் அண்ணி இழுக்கிறா."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றாள் அண்ணி.

'அவள்' என்றால் பக்கத்துக் கட்டில்காரி. இருவருக்கும் ஒரே நோய், ஒரே வார்டு. மார்பை எடுத்ததும் முதலில் தற்காலிகமாக ஒரு பையை வைத்து, வாராவாரம் ஊசியால் தண்ணீர் ஏற்றித் தோலை விரித்தார்கள். பிறகு அதை எடுத்துவிட்டு நிரந்தரப் பையை வைக்க ஒரே நாள் காலையில் இருவரையும் ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோனார்கள். தையற்காரி கண் விழித்தாள். மற்றவள் விழிக்கவில்லை.

"அவ ரவிக்கை தைக்கக் குடுத்த துணி என் பீரோவுலதான் இருந்துச்சு. பீரோகிட்ட போனாலே இழுப்பா."

"அதான் துணியை அவ பொண்ணுகிட்டயே குடுத்துட்டியே."

"குடுத்த பிறகும் இழுக்கிறா. மெஷின்ல குனிஞ்சாலும் இழுக்கிறா. நான் எப்படித் தைக்கிறது, எப்படிப் பொழைக்கிறது? மத்தியானம் கண்ணசந்தா வந்து நிக்கிறா அண்ணி. 'உன்னோடது எங்கிட்ட இருக்கு, வாங்கிக்கோ'ங்கிறா."

"அளவு எடுக்கிற டேப்பை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்திருப்பே. பாவம், பத்திரமா வெச்சிருக்கா." அண்ணிக்கு எதிலும் கிண்டல்தான்.

உள்ளே இருந்து ஒரு கிழவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்கேன் அறையின் கனத்த கதவு திறந்தபடியே நின்றது. போனில் பேசிக்கொண்டிருந்த நர்ஸ், கதவுப் பக்கம் வந்து நிற்கும்படி கையைக் காட்டினாள்.

தையற்காரி ஆஸ்பத்திரி அங்கியைக் கட்டிக்கொண்டு நடந்தாள். நாலு அடி வைத்ததும் இழுப்பு தொடங்கியது. ஐந்தாவது அடியில் பிடி இறுகியது. பீரோ பக்கத்தில் வந்த இழுப்பெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அறைக்குள் ஆள் யாரும் இல்லை. 'டுக், டுக்' என்று ஒரு சத்தம் மட்டும் விடாமல் கேட்டது.

"உள்ள நிக்கிறா அண்ணி. என்னைக் கூப்பிடுறா."

அண்ணி இந்தத் தடவை சிரிக்கவில்லை. நாத்தனாரின் அங்கி இடது பக்கம் மட்டும் லேசாக எழும்பி, கதவைப் பார்த்துத் துடித்துக்கொண்டிருந்தது. காற்றே இல்லாத இடம் அது. 

"நில்லுங்க. இன்னொரு அடி வைக்காதீங்க."

நர்ஸ் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கதவைச் சாத்தினாள். இழுப்பு பட்டென்று தளர்ந்தது.

"வெச்ச ஆஸ்பத்திரியில இப்பதான் சொன்னாங்க. தோலை விரிக்க முதல்ல வெச்ச தற்காலிகப் பையில, ஊசி போடுற எடம் தெரியறதுக்காகச் சின்னதா ஒரு காந்தம் இருக்கும்மா. உங்க பை இன்னும் அதேதான். இரும்பு கிட்ட போனா இழுத்திருக்குமே? இந்த மெஷினே பெரிய காந்தம். உள்ள போயிருந்தா தோலைக் கிழிச்சிருக்கும்."

தையற்காரி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தாள். பீரோ இரும்பு. தையல் மெஷின் இரும்பு. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ரெண்டு வருஷம் செத்துச் செத்துப் பிழைத்ததை நினைத்து அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு அது உறைத்தது.

"அப்போ எனக்கு வெச்சோம்னு நம்பர் ஒட்டிக் கார்டு குடுத்தாங்களே, அந்தப் பை எங்க போச்சு?"

நர்ஸ் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு முன்னாடி உள்ள போன அம்மாவுக்கு அதை மாத்தி வெச்சுட்டாங்களாம். அவங்க இறந்துபோன கலவரத்துல உங்களைப் பழைய பையோடவே தைச்சு அனுப்பிட்டாங்க. அவங்களை உங்க பையோடவே அடக்கம் பண்ணிட்டாங்க."